ஆறாவது சம்மதம்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஒரு பொண்ணுகிட்ட வீடியோ கால்ல சம்மதம் வாங்கணும்.

தப்பா நினைக்காதீங்க, ஆராய்ச்சிக்கு. நாமக்கல் கோழிப்பண்ணைகள்ல வேலை பாக்கற பெண்களைப் பத்தி பிஎச்டி பண்றேன். ஆறு பேரை வீடியோவுல ஒண்ணா உக்கார வச்சுப் பேசணும். அஞ்சு பேர் சம்மதிச்சாச்சு. ஆறாவது ஆள் இல்லாம என் முன்னாடி வராதேன்னு கைடு சொல்லியாச்சு.

மிச்சம் பரமத்தி வேலூர் சுகன்யா. பண்ணை மேனேஜர் கொடுத்தது அவங்க அப்பா நம்பர். காலையில பத்து மணிக்கு சேலம் ஹாஸ்டல் ரூம்ல இருந்து கூப்பிட்டேன்.

அப்பாதான் எடுத்தார். நெத்தி நிறைய விபூதி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"வாங்க தம்பி, வணக்கமுங்க. பாப்பா பூ வெச்சுட்டு இருக்குதுங்க, இப்ப வந்துரும். அப்பா அம்மா பக்கத்துல இல்லீங்களா?"

"இல்லீங்க. இந்த மாதிரி விஷயமெல்லாம் நான் தனியாத்தான் பேசுவேன்."

பேட்டிக்கு எதுக்குப் பூன்னு கேட்டிருக்கணும். நான் கேக்கல. ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதையான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டேன்.

சுகன்யா பட்டுப்புடவையில வந்து தலையைக் குனிஞ்சு உக்காந்தாங்க. மேனேஜர் எல்லாத்தையும் சொல்லியிருப்பார்னு அறிமுகத்தைத் தாண்டி, நேரா சம்மதப் படிவத்தைப் படிச்சேன்.

"இதுக்கு உங்களுக்கு முழுச் சம்மதமா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

சுகன்யா சடக்குனு நிமிர்ந்தாங்க. அப்பா குறுக்க வந்தார். "கட்டாயமெல்லாம் இல்லீங்க தம்பி."

"பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் பாதியில விலகிக்கலாம். காரணமே சொல்ல வேண்டாம்."

"ஏனுங்க, பாதியிலயா?"

அங்கயாவது நிறுத்தியிருக்கலாம். "பயப்படாதீங்க. ஏற்கனவே அஞ்சு பொண்ணுங்க சம்மதம் சொல்லிட்டாங்க. இவங்களும் சரின்னா ஆறு பேரையும் ஒண்ணா வச்சு ஆரம்பிச்சிடலாம்."

அப்பா முகம் ஸ்கிரீன் முழுக்க வந்துச்சு.

"வைடா போனை."

மேனேஜர்கிட்ட கேட்டப்பதான் விஷயம் தெரிஞ்சுது. அதே பத்து மணிக்கு பெங்களூர் மாப்பிள்ளை வீடியோவுல பொண்ணு பாக்கறதா இருந்துச்சாம். கண்ணாடி போடாத அப்பா என்னை மாப்பிள்ளைன்னு நினைச்சுட்டாராம். நிஜ மாப்பிள்ளை கூப்பிட்டப்ப லைன் பிஸி.

சாயந்தரம் சுகன்யாவே கூப்பிட்டாங்க.

"சார், உங்க கூட்டத்துக்கு நான் வரலீங்க. அப்பா இன்னும் கோவமா இருக்காருங்க."

கைடு முகம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

"ஆனா அந்தப் படிவத்தை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. இதுவரைக்கும் நாலு மாப்பிள்ளை பாத்தாச்சு. உனக்குச் சம்மதமான்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்லீங்க. இனி வர்றவங்க அதைப் படிச்சுட்டு வரட்டும்."

உடனே அனுப்பினேன்.

மூணு வருஷ ஆராய்ச்சியில ஒருத்தருக்காவது உபயோகப்பட்டது அந்த ஒரு பக்கம்தான்.