உக்காருங்க மேடம்

எங்கள் கல்வி அலுவலகத்தில் நின்றபடி சண்டை போட்டு ஜெயித்தவர் ஒருவரும் கிடையாது. காரணம், 'உக்காருங்க மேடம்'. திண்டிவனத்துக்கு அதிகாரியாக வந்த வாரமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து கல்வி அதிகாரியாக வந்த முதல் பெண் அவர். இவரைப் பள்ளியில் சேர்க்கப் போன அப்பாவைக் காலை முழுக்க வாசலிலேயே நிற்க வைத்தார்களாம். அந்தக் கோபமோ என்னவோ, ஒரு குட்டியானை வண்டி நிறைய பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து இறக்கிவிட்டார். பியூனும் உட்கார்ந்துதான் பேசவேண்டும். வந்தவர் நின்றால் மேடமும் எழுந்து நின்றுவிடுவார். அதிகாரி நிற்கும்போது நாங்கள் உட்கார முடியுமா?

ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருவர் வந்து மேசையைக் குத்திக் கத்தினார்.

"சார், உக்காந்துகினு கத்துங்க. நின்னுகினு கத்துனா முட்டி போயிடும்."

உட்கார்ந்ததும் குரல் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி டீயோடு உள்ளே போய்விட்டது.

இந்த வித்தை ஒரே ஒருவரிடம்தான் பலிக்கவில்லை. அவர் ஒரு கிராமத்துத் தலைமையாசிரியர். மேடத்தின் பதவி தனக்கு வரும் என்று காத்திருந்தவர். குப்பத்துப் பெண் வந்து உட்கார்ந்ததை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அவருடைய பள்ளியில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி, பெற்றோர் கரும்பு வெட்டப் போனபோது கூடவே போய்விட்டாள். திரும்பி வந்தவளுக்கு வருகை நாள் போதாது, பெயரைப் பொதுத்தேர்வுக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார் மனிதர். பெயர் அனுப்பக் கடைசி நாளன்று காலை மேடம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். பெண்ணின் அம்மா மேடத்தின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

"உக்காருங்க சார்."

"உங்க சேர் எனக்கு வேணாம். நின்னுகினே பேசறேன்."

மேடம் எழுந்தார். அவ்வளவுதான், ஆபீஸே எழுந்தது. அந்த அம்மாவை மட்டும் மேடம் எழவிடவில்லை. நான் நின்றுகொண்டே கணினியில் தட்டினேன். கணக்காளர் நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிட்டார். டீ நேரமும் போனது. தலைமையாசிரியர் விதிமுறை பேசப் பேச, மேடம் "சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

கடைசியில் அந்த அம்மாதான் எழுந்து, தன் நாற்காலியைத் தலைமையாசிரியர் பின்னால் இழுத்துப் போட்டார்.

"ஐயா, காலு நடுங்குது உங்களுக்கு. சக்கர வியாதி இருக்குதா? மொதல்ல உக்காருங்க, அப்புறம் திட்டுங்க."

மனிதர் பொத்தென்று உட்கார்ந்தார். திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு, "பொண்ணு பேரை அனுப்பிடறேன், மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து 'மேடம்' வந்தது அதுவே முதல் தடவை.

எல்லோரும் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஆர்டர் போட்டிருந்தா காலையிலயே ஜல்தியா முடிஞ்சிருக்குமே மேடம். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"ஆர்டர் போட்டா பேரு சேந்துடும்யா. நாளைக்கு அந்தப் பொண்ணு அவரு ஸ்கூலுக்குத்தான போவணும்?"

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. எதிர் டீக்கடைக்கு ஓடி ஒரு வாளி வெந்நீர் வாங்கிவந்து வைத்தேன். என் சர்வீஸில் வேறெந்த அதிகாரிக்கும் நான் இப்படி ஓடியதில்லை.