காவிரிக் கரையில் ஒரு கிரகணம்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் மூவர்: பத்திரிகை முதலாளி, ஓவியர் மாணிக்கம், நான். கூப்பிடப்படாதவர்கள் இருவர்: நாவலை எழுதிய ஸ்ரீரங்கத்து ராகவாச்சாரியார், அதை அச்சடிக்கப்போகிற மெஷின்மேன் சிங்காரம். சிங்காரம் என் அக்கா புருஷன். எனக்கு அந்த உதவியாசிரியர் வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். “படம் பத்தின பேச்சுக்கு மெஷின்மேன் எதுக்குங்க?” என்று கேட்டவன் நான். (எங்கள் பரம்பரையிலேயே முதல் பி.ஏ. வேறெப்படிக் கேட்பான்?)

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் திருச்சி வாரப் பத்திரிகையில் அந்த நாவல் படக்கதையாக வரவிருந்தது. முதல் இதழ் நன்றாக வந்தால் என் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மாணிக்கம் இரண்டு மாதிரி வரைந்து வந்திருந்தார். ஒன்று வெறும் கோடுகள். மற்றது மையைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, போட்டோ மாதிரி ஒளியும் நிழலுமாக.

“கோடுன்னா சுத்தமா விழும் தம்பி,” என்றார் மாணிக்கம்.

“கோடு கோலத்துக்குப் போதும். இலக்கியத்துக்கு நிழல் வேணுங்க,” என்றேன். முந்தின வாரம்தான் நூலகத்தில் ‘யதார்த்தம்’ என்ற சொல்லைப் பிடித்திருந்தேன். அதை ஆறு தடவை சொன்னேன். ஏழாவது தடவைக்குப் பயந்து முதலாளி சம்மதித்துவிட்டார்.

நிழல் படத்தைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக்கித்தான் பிளாக், அதாவது அச்சடிக்கும் உலோகத் தகடு, செய்வார்கள். பிளாக்குகளைப் பார்த்ததும் மச்சான் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மாப்ளே, நம்ம பேப்பர் சொரசொரன்னு இருக்கும். மையைக் குடிச்சு, புள்ளியெல்லாம் ஒண்ணாகிக் கறுப்பாயிடும். முதலாளிகிட்ட சொல்லிடவா?”

“மச்சான், இது ஆர்ட். உங்களுக்குப் புரியாது.”

“சரிங்க சார்,” என்றார். (அக்கா புருஷன் ‘சார்’ போட்டபோதே நான் விழித்திருக்க வேண்டும்.)

வியாழக்கிழமை இதழ் வந்தது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ராகவாச்சாரியார் வந்தார்.

“அம்மா மண்டபம் படித்துறையில சூர்யோதயம்னு எழுதினேன். நீர் கிரஹணம்னா போட்டிருக்கீர்! நாயகி எங்கே ஓய்?”

விரலால் காட்டினேன்.

“இதுவா? எங்காத்துல எல்லாரும் இதை எருமைன்னா நினைச்சிண்டிருக்கா!”

மறுநாள் வந்த வாசகர் கடிதம் இன்னும் மோசம்: ‘கதாநாயகன் எருமையிடம் காதலைச் சொல்லும் கட்டம் புதுமை. பாராட்டுகள்.’

அன்றே இரண்டாவது கூட்டம். இந்த முறை மச்சானுக்கு நாற்காலி, எனக்குக் கதவோரம்.

“ஏன்யா சிங்காரம், நீயாவது முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்றார் முதலாளி.

மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு ஆர்ட் புரியாதுங்களே,” என்றார்.

படக்கதை கோட்டுக்கு மாறியது. என் நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. இன்றும் வீட்டில் கரண்ட் போனால் அக்கா குரல்தான் முதலில் கேட்கும்: “தம்பி படக்கதை போட ஆரம்பிச்சுட்டான்!” உடனே பிள்ளைகள் அத்தனையும் எருமை மாதிரி கத்தும்.

பாழான பன்னிரண்டு பிளாக்குகளுக்காக ஆறு மாதம் என் சம்பளத்தில் பிடித்தது, யதார்த்தமாகச் சொன்னால், அறுபத்தாறு ரூபாய்.