சோப்பைத் திருப்பி அனுப்பவும்

பெருமதிப்பிற்குரிய அண்ணா சேய்கிச்சி அவர்களுக்கு,

ஒசாகாவிலிருந்து தம்பி கன்ஜிரோ குனிந்து வணங்கி எழுதுவது. மழை விட்டு, சில்வண்டுகள் கத்தத் தொடங்கிவிட்டன. தொத்தோரியில் தங்கள் முழங்காலும் அண்ணியின் தர்பூசணிக் கொடியும் சுகம்தானே? இங்கு நாங்கள் நலம் என்றுதான் எழுத வந்தேன். பின்னால் நிற்கும் என் மனைவி தோமியே, "நலம்னு எழுதினீங்க, பேனாவைப் புடுங்கிடுவேன்" என்கிறாள். ஆகவே, தங்கள் தம்பி நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் நலமில்லை.

வசந்தத்தில் எனக்கு மாரடைப்பு வந்தது தாங்கள் அறிந்ததே. நலம் விசாரித்துத் தாங்கள் அனுப்பிய உலர்ந்த கணவாயைத் தோமியே இன்றுவரை என் கண்ணில் காட்டவில்லை. பொதுக் குளியல் கடையில் காலமெல்லாம் கொதிகலன் பார்த்தவன் நான். அடைத்த குழாயைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கட்சி. டாக்டர் குருமிசாவா அம்மாள், சின்னப் பெண்தான், மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு, அடைப்பைத் திறந்து, மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழலும் வைத்தார். "முடிஞ்சுதா, எழுந்துக்கட்டுமா?" என்றேன். "படுங்க பெரியவரே! பட்டினி கெடந்த எடத்துல திடீர்னு ரத்தம் பாஞ்சா அதுவே இதயத்துக்கு அடி. அந்த அடி கொறையத்தான் இந்தச் சொட்டு மருந்து" என்றார். என்ன மருந்து என்று கேட்டால், "உங்க இதயம் தானே சுரக்கறதுதான். நாங்க அதையே செஞ்சு கூடக் குடுக்கறோம்" என்கிறார். அண்ணா, நான் மலைத்துப் போனேன். இத்தனை வருஷம் இந்த நெஞ்சைச் சுமந்தேன், அதற்குள் ஒரு மருந்துக்கடை இருப்பது எனக்குத் தெரியாது! ஒரே குறை, அந்த மருந்து சிறுநீரைப் பிரித்துத் தள்ளுகிறது. செவிலிப் பெண் குடுவையை மாற்றி மாற்றிக் களைத்து, "கொதிகலன் வேலையை இன்னும் விடலையா நீங்க?" என்றாள்.

வீடு திரும்பியதும், முறை தவறக்கூடாது என்று, நலம் விசாரித்த எல்லோருக்கும், நோய் தீர்ந்ததென்று நன்றியோடு தரும் 'குணமான பரிசு' அனுப்பினேன். நோய் கரைந்து போகட்டும் என்று சோப்பாகவே அனுப்பினேன். இங்கேதான் அண்ணா, என் நேர்மை எனக்கே குழி பறித்தது. குணமாகிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சோப்புக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து மாத்திரை விழுங்கினால் அது பித்தலாட்டமல்லவா? ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

என் சவரக்கத்தி காட்டிக் கொடுத்துவிட்டது. தாடையில் லேசாக வெட்டிக்கொண்டேன். தோமியே துண்டோடு ஓடி வந்து பார்த்து, "மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து துண்டு நனையாம ரத்தம் நிக்காதே, இன்னிக்கு எப்படி ஒடனே நின்னுது?" என்றாள். போலீஸ்காரன் கெட்டான். காதைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மாள் கத்தவில்லை. "வலைக்குழல் மேல தோல் மூடறவரைக்கும் ரத்தம் அதுல கட்டிக்கப் பாக்கும். இன்னொரு தடவை அடைச்சுதுன்னா உங்க வீட்டுலேர்ந்து ஊருக்கு சோப்பு போகாது. ஊர்லேர்ந்து உங்க வீட்டுக்குத் துக்க ஊதுவத்தி வரும்" என்றார். தோமியே அழுதாள். நான் அங்கேயே மாத்திரையைப் போட்டேன். அந்தப் பெண்ணின் அறிவுக்கும் பொறுமைக்கும் என் தலை தரைவரை தாழ்ந்தது.

தோமியே அதோடு விட்டாளா? "சோப்பு வெளியில இருக்கறவரைக்கும் நீங்க குணமானவர்தானே? சரி" என்று தெருவில் இறங்கி, வீடு வீடாக, "மன்னிக்கணும், எங்க வீட்டுக்காரர் அவசரப்பட்டுட்டார், இன்னும் குணமாகலே" என்று சோப்பைத் திரும்ப வாங்கினாள். தோஃபு கடைக்காரம்மாள் பாதி தேய்ந்த சோப்பை ஈரத்தோடு காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டி, "நிதானமா நோயாளியா இருங்க" என்று வாழ்த்தினாராம். தங்கள் பெட்டி ஒன்றுதான் பாக்கி. தயவுசெய்து, தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, உடனே அனுப்பிவைக்கவும். என்னைப் போல் முட்டாள்தனம் செய்ய நம் குடும்பத்தில் இன்னொருவர் இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

தாங்களும் அண்ணியும் நோய்நொடியின்றி நீடு வாழ்ந்து எங்களை ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
கன்ஜிரோ

பி.கு.: உறையை ஒட்டும்போது தங்களிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. கேட்பதற்கு முன்பே சோப்பு வந்துவிட்டது, அண்ணன் என்றால் அண்ணன் என்று நெகிழ்ந்தேன். பிரித்தால் சர்க்கரைக் கட்டி, மேலே 'குணமான பரிசு' என்று தங்கள் பெயர்! எந்த நோயிலிருந்து குணம், அண்ணா? தோமியே தொலைபேசியில் கூப்பிட்டாள். அண்ணி அழுதுகொண்டே, "அவருக்கும் போன மாசம் வலைக்குழல் வெச்சாச்சு. தம்பி நெஞ்சு தாங்காதுன்னு என்னை வாயைத் தெறக்கவிடலே. பரிசெல்லாம் அனுப்பியாச்சுன்னு நேத்துலேர்ந்து மாத்திரையையும் தொடலே. நீங்களாவது அவரைக் கேப்பீங்கன்னுதான் அவருக்குத் தெரியாம ஒண்ணு ஒங்களுக்கும் அனுப்பினேன்" என்றாராம். இந்தக் கடிதம் தபாலில் வராது, நானே கொண்டு வருகிறேன். தோமியே ரயிலேறச் செருப்பு மாட்டிக்கொண்டுவிட்டாள். சர்க்கரையும் எங்களோடு திரும்பி வருகிறது. அண்ணா, என் நெஞ்சு எதையும் தாங்கும், ஊதுவத்தியைத் தவிர. முதலில் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இதைப் படிக்கலாம்.