ஒரு ஓட்டும் ஓர் உண்ணாவிரதமும்

மக்களாட்சி என்னும் மாபெரும் தத்துவம் உலகத்தில் எங்கெங்கோ பிறந்து, எங்கெங்கோ அடிபட்டு மிதிபட்டு, கடைசியில் முழுமை பெற்றது எங்கள் தொகுதியில்தான். மற்ற இடங்களில் ஆளும் கட்சிக்கு ஓர் ஆள், எதிர்க்கட்சிக்கு ஓர் ஆள் என்று இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து வீணடிக்கிறார்கள். எங்கள் உறுப்பினர் இரண்டு வேலையையும் தாம் ஒருவராகவே பார்த்துவிடுகிறார். சட்டமன்றத்துக்குள் போய் ஒரு மசோதாவை ஆதரித்துக் கையைத் தூக்குவார். வெளியே வந்து அதே மசோதாவை எதிர்த்து அதே கையை முஷ்டியாக்கி உயர்த்துவார். எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

விளையாட்டு மைதானத்தை அடுக்குமாடிக் கம்பெனிக்கு விற்க ஓட்டுப் போட்டவர் அவர். விற்ற மறுவாரமே, பிள்ளைகள் விளையாட இடமில்லாமல் தவிக்கிறார்களே என்று மனம் பொறுக்காமல், நடைபாதையில் ஓட்டப்பந்தயம் நடத்திக் கோப்பை வழங்கியவரும் அவர்தான். ஒலிபெருக்கியைத் தடை செய்ய ஓட்டுப் போட்டார். அதற்காக அவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டம் நான்கு தெரு தள்ளியும் கேட்டது.

கேட்கச் செய்தவன் அடியேன். ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் அறிவிப்பாளராக இருந்தவன் நான். வராத ரயிலை 'வந்துகொண்டே இருக்கிறது' என்று மரியாதையாகச் சொல்லிப் பழகிய தொண்டை. ஓய்வு பெற்ற மறுநாளே உறுப்பினர் ஆள் அனுப்பி என்னைத் தொகுதி 'நன்றி அறிவிப்புக் குழு'வுக்குத் தலைவராக்கிவிட்டார். திறமையை மதிக்கத் தெரிந்தவர்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சோதனையாக வந்தது எங்கள் தெருப் பிரசவ விடுதி.

பெரிய கட்டடமில்லை. ஆறு கட்டில், ஒரு பெரிய நர்ஸ், இரண்டு சின்ன நர்ஸ், வாரத்தில் மூன்று நாள் டாக்டர். இந்தத் தெருவில் பாதிப் பேர் அங்கே கண் திறந்தவர்கள்தான். அதை மூடிவிட்டுக் கட்டில்களை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 'மூடுதல்' என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. 'தாய்சேய் நலச் சேவையை ஒருங்கிணைத்து மேம்படுத்துதல்' என்றுதான் இருந்தது. மேம்படுத்தி மேம்படுத்தி, கண்ணுக்கே தெரியாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பொருள்.

அந்தச் சமயத்தில் என் மருமகளுக்கு எட்டு மாதம். என் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். அவன் திரும்பும்வரை அவளுக்கு நான்தான் துணை. பெரிய நர்ஸ் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவரே, இந்தப் பொண்ணுக்கு வலி எடுத்தா சட்டுனு பிறந்துடும். தூரமெல்லாம் தாங்காது. இங்கேயே சேர்த்துடுங்க."

"இங்கேன்னா?"

"இங்கேதான். இருந்தா."

என் மருமகள் பஸ் கண்டக்டர். ஒரு பஸ் ஜனத்தை ஒற்றைக் குரலில் அடக்குகிறவள். பிரசவ விடுமுறையில் வீட்டிலிருந்ததால், அந்தக் குரல் முழுவதும் எனக்கு ஒருவனுக்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் சட்டமன்ற வழக்கப்படி எந்த மசோதாவுக்கும் இரண்டு முறை ஓட்டு. முதல் ஓட்டில் ஜெயித்தாலும், ஒரு மாதம் கழித்து இறுதி ஓட்டிலும் ஜெயித்தால்தான் சட்டம். முதல் ஓட்டை, விடுதிக்கு எதிரே இருக்கும் சலூனில் டிவியில் நேரடியாகப் பார்த்தோம். 'ஆதரிப்பவர்கள்' என்று அவைத்தலைவர் சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் உறுப்பினரின் கை மேலே போய்விட்டது. சலூன்காரர், சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் கன்னத்தில் கத்தியை வைத்தபடியே நின்றுவிட்டார்.

"நம்ம ஆளுதானே அது?"

"கையை மட்டும் வச்சு அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது" என்றேன் நான்.

"முகமும் தெரியுதே மாமா!" என்றாள் மருமகள்.

அன்று மாலையே உறுப்பினர் எங்கள் தெருவுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. விடுதி வாசலில் நின்று சுவரைத் தடவிக் கொடுத்தார்.

"யாருய்யா இந்த அக்கிரமத்தைப் பண்ணினது?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மருமகள்தான் வாயைத் திறந்தாள்.

"நீங்கதான் சார். மத்தியானம் மூணு மணிக்கு. சலூன்ல எல்லாரும் பார்த்தோம்."

உறுப்பினர் கோபப்படவில்லை. பெரிய மனிதர்களுக்குக் கோபம் வராது.

"அம்மா, அங்கே கை தூக்கினது உறுப்பினர். கட்சி சொல்லுது, அவர் தூக்குறார். அவர் நிலைமை அப்படி. இங்கே நிக்கிறது உங்க வீட்டுப் பிள்ளை. உறுப்பினர் பண்ணின தப்புக்கு உங்க வீட்டுப் பிள்ளையைக் கோவிச்சுக்கலாமா?"

நான் கை தட்டினேன். ஒருவன் தட்டினால் நான்கு பேர் தட்டுவார்கள். அது எந்தக் கூட்டத்துக்கும் பொது.

அடுத்த வாரமே அவர் தலைமையில் ஊர்வலம். விடுதியிலிருந்து புறப்பட்டு, 'உறுப்பினரே, மனம் மாறு!' என்று முழங்கிக்கொண்டு, உறுப்பினர் அலுவலகத்துக்கே போனோம். எல்லோரையும்விட உரக்க முழங்கியவர் உறுப்பினர்தான். அலுவலகத்தை அடைந்தபோது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. மனுவை வாங்க உள்ளே ஆள் இல்லை.

"கொஞ்சம் இருங்க" என்றார் உறுப்பினர். சந்துக்குள் நுழைந்து, பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போய், தலையை வாரிக்கொண்டு, முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"வாங்க, வாங்க. என்ன விஷயம்?"

நான் மனுவைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நெஞ்சு உருகிப்போச்சு. உங்களுக்குத் தலைமை தாங்கி வந்தவரைப் பார்க்கணுமே?"

"அவர் இப்பதான் அந்தச் சந்துக்குள்ள போனார் சார்" என்றாள் என் மருமகள்.

"தங்கமான மனுஷர். அவர் கேட்டு நான் இல்லைன்னு சொல்வேனா?"

இறுதி ஓட்டுக்கு முந்தின நாள் பெரிய நர்ஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். வேறு தொகுதிக்காரர்கள் சிலருக்கு மனசாட்சி உறுத்தி, மசோதாவை எதிர்க்கப்போகிறார்களாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். சமமாகவே வந்தாலும் மசோதா விழுந்துவிடும். ஒரு ஓட்டு இருந்தால் விடுதி பிழைக்கும்.

மறுநாள் காலை, விடுதி வாசலில் பாதித் தெருவை அடைத்துப் பந்தல். அதற்குள் மெத்தை, மின்விசிறி, பின்னால் உறுப்பினரின் ஆளுயரப் படம். படத்துக்கு முன்னால் உறுப்பினரே, உண்ணாவிரதத்தில். முதலில் 'சாகும்வரை' என்றுதான் எழுதியிருந்தது. டாக்டர் ஆலோசனைப்படி 'மாலைவரை' என்று திருத்தப்பட்டது.

மத்தியானம் இரண்டு மணிக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மருமகள் பந்தலுக்குள் வந்தாள்.

"சார், மூணு மணிக்கு ஓட்டு. உங்க கார் அங்கே நிக்குது. அரை மணி நேரத்துல போயிடலாம். போய் வேண்டாம்னு ஒரு கையைத் தூக்கிட்டு வந்து மறுபடி படுத்துக்குங்க."

"மக்களை விட்டுட்டு நான் எங்கேம்மா போவேன்?"

"அங்கே போகத்தானே சார் உங்களை அனுப்பினோம்!"

"உடம்புல தெம்பு இல்லையேம்மா. காலையிலேர்ந்து பட்டினி."

"எட்டு மணிக்கு நாலு முட்டை சாப்பிட்டீங்கன்னு உங்க டிரைவர் சொன்னாரே?"

"அது நேத்துப் பசிக்கு."

அவள் விடவில்லை. படிக்கட்டில் தொங்குகிறவர்களிடம் பேசும் குரலை எடுத்தாள். "உள்ளே போங்க சார்! வழியில நிக்காதீங்க! உள்ளே எவ்வளவு இடம் காலியா கிடக்கு, உள்ளே போங்க!"

கூட்டத்தில் சிலர் 'ஆமாம், போகட்டுமே' என்று முணுமுணுத்தார்கள். உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதவியாளர் என் கையில் மைக்கைத் திணித்தார். கையில் மைக் இருந்தால் எனக்குக் கண் தெரியாது. வாடிய முகத்தைப் பாரீர் என்று ஆரம்பித்து, ஓட்டப்பந்தயக் கோப்பை வழியாக, அவர் பிள்ளைப் பருவம் வரை போய்த் திரும்பினேன். நான் முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

 எதிரே சலூனிலிருந்து சலூன்காரர் வெளியே வந்தார். கழுத்தில் துண்டோடு அவர் பின்னால் இரண்டு பேர்.

"ஒரு ஓட்டுல போச்சுங்க" என்றார்.

பெரிய நர்ஸ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் தலைமை என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் வெளிப்படும். உறுப்பினர் துள்ளி எழுந்தார்.

"ஒரே ஒரு ஓட்டு! கவனிச்சீங்களா? இவ்வளவு பெரிய அரசாங்கத்தை ஒரு ஓட்டு வரைக்கும் இறக்கிட்டோம்! இது நம்ம போராட்டத்துக்குக் கிடைச்ச வெற்றி! ஆனா ஒண்ணு கேக்கிறேன். இன்னைக்கு அவைக்கு வராம ஏமாத்தின அந்த ஒரு ஆள் யாரு? எங்கே ஒளிஞ்சிருந்தாலும் சரி, அவனைக் கண்டுபிடிச்சு உங்க முன்னாடி நிறுத்தாம ஓயமாட்டேன்!"

என்னையும் அறியாமல் கை தட்டிவிட்டேன். பழக்கம்.

உண்ணாவிரதத்தை ஒரு கர்ப்பிணித் தாய் கையால் முடித்துக்கொண்டால் படம் நன்றாக வரும் என்று உதவியாளருக்குத் தோன்றியது. ஒரு கோப்பை பழச்சாற்றை என் மருமகளிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். உறுப்பினர் கண்ணை மூடி வாயைத் திறந்தார். புகைப்படக்காரர் குறிபார்த்தார். அவள் அதை மடக்கென்று தானே குடித்துவிட்டு, காலிக் கோப்பையை உறுப்பினர் கையில் கொடுத்து, "வாங்க மாமா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

வழியெல்லாம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அவள் கத்தியே இருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் விடுதிக் கட்டில்களை ஏற்றிப்போக லாரி வந்தது. அதே காலையில் அவளுக்கு வலியும் வந்தது. டாக்ஸியில் ஏற்றினேன். தெரு முனைக்குப் போகவேண்டுமே! தெருவில் ஒரு பாதியில் இன்னும் பிரிக்காத பந்தல். மறு பாதியில் லாரி. டிரைவர் ஹாரனை அழுத்துகிறார், லாரிக்காரர் 'வாசல்ல கிடக்கிற இந்த ரெண்டு கட்டில்தான் சார்' என்கிறார், உள்ளே என் மருமகள் என் கையைப் பிடித்து நெரிக்கிறாள்.

"மாமா, மைக்ல பேசின வாயால இப்ப எதையாவது கத்துங்களேன்!"

கத்தினேன். அறிவிப்பாகக் கத்தவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நின்ற பெரிய நர்ஸ் ஓடி வந்து, அவள் முகத்தைப் பார்த்தார்.

"எங்கேயும் போகமுடியாது. இறக்குங்க! கட்டிலையும்தான்!"

லாரியிலிருந்து ஒரு கட்டில் இறங்கியது. பந்தலுக்குள் போட்டார்கள். உறுப்பினரின் ஆளுயரப் படத்தைப் பெயர்த்துக் குறுக்கே மறைப்பாக வைத்துவிட்டு, சலூன்காரர் சுத்தமான துண்டுகளையும் வெந்நீரையும் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் ஆண்கள் எல்லோரும் அந்தப் படத்துக்கு இந்தப் பக்கம் நின்றோம். படம் சிரித்துக்கொண்டே இருந்தது. பூட்டிய விடுதிக் கதவிலிருந்து கல்லெறி தூரம்கூட இல்லாத இடத்தில் என் பேத்தி பிறந்தாள். அழுகைச் சத்தம் கேட்டதும் லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டாக்ஸிக்காரரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குழந்தையைத் துடைத்து முடிப்பதற்குள் உறுப்பினர் புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தார். சேவை என்றால் இவ்வளவு விரைவு வேண்டும். பேத்தியைத் தூக்கி நான்கு பக்கமும் காட்டினார்.

"அன்னைக்கு நான் மட்டும் இந்தப் பந்தலைப் போடாம இருந்திருந்தா இந்தப் பொண்ணோட கதி என்ன ஆயிருக்கும்?"

"பிள்ளையைக் கொடுங்க சார்" என்றாள் மருமகள் கட்டிலிலிருந்து.

"ஒரு போட்டோம்மா."

"பிள்ளையைக் கொடுங்க."

கொடுத்துவிட்டார். யாரிடமும் பிடிவாதம் பிடிக்காதவர்.

அதற்குப் பிறகுதான் அவர் வாழ்வின் பொன்னாள் வந்தது. நகரத்தில் மிச்சமிருக்கும் சின்னப் பிரசவ விடுதிகள் அத்தனையையும் 'மேம்படுத்த' இன்னொரு மசோதா. இறுதி ஓட்டு நாளன்று எங்கள் உறுப்பினர் எல்லோருக்கும் முன்னால் அவைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். சலூனில் இடமில்லாமல் வாசல்வரை நின்று டிவி பார்த்தோம். என் மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். அவர் எழுந்து, என் பேத்தியின் படத்தை உயர்த்திக் காட்டினார்.

"அவைத்தலைவர் அவர்களே! விடுதி இல்லை, டாக்டர் இல்லை. ஒரே ஒரு பந்தல். தாயும் சேயும் நலம்! இதற்குமேல் எதற்கு விடுதிகள்?"

ஒரு மணி நேரம் பேசினார். மனம் மாறுவதாக இருந்தவர்களெல்லாம் மாறாமல் நின்றார்கள். பிறகு முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அவ்வளவு விடுதிகளும் ஒரே மூச்சில் மேம்பட்டுப்போயின.

மருமகள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ளே போங்க, உள்ளே போங்கன்னு நான்தானே மாமா கத்தினேன்?"

நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். உறுப்பினர் அவைக்கே போவதில்லை என்று இனி எவனும் குறை பேசமுடியாது அல்லவா? குறை பேசியதெல்லாம் நம் அறியாமை. அவர் போகாத நாளில், ஒரே ஒரு விடுதிதான் போயிற்று.