பாப்பாவின் காதுக்கு ஒரு டெஸ்ட்

நான் எலெக்ட்ரீஷியன். செத்துப்போன மின்விசிறியைக்கூடச் சுற்றவைப்பவன். ஒன்பது மாதப் பாப்பாவின் காதைச் சோதிப்பதா எனக்குப் பெரிய வேலை?

ஆரம்பித்து வைத்தவள் என் மனைவி.

“ஏங்க, கூப்பிட்டா பாப்பா திரும்பவே மாட்டேங்குறாளே?”

“விளையாட்டுல இருப்பா.”

“இந்த வயசுல பேர் சொன்னா திரும்பணுமாம். மெல்லிசா சத்தம் வந்தாக்கூட எங்கேன்னு தேடணுமாம். எதுக்கும் நீங்க பாருங்க.”

சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

பாப்பா தரையில் உட்கார்ந்து ரப்பர் வாத்தின் தலையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் படாமல் பின்னால் போய் நின்றேன். “பாப்பா!” ம்ஹூம், வாத்துதான் முக்கியம். கரண்டியால் டம்ளரைத் தட்டினேன். காகிதத்தைக் கசக்கினேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். கடைசியில் பூனை மாதிரி கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, “என்ன சார், பூனை வளர்க்கிறீங்களா?” என்றார். தெருவே திரும்பியது. பாப்பா திரும்பவில்லை.

“என்னங்க, திரும்பினாளா?” உள்ளேயிருந்து குரல்.

“இரு, இரு!” என் தங்கத்துக்குக் காது கேட்காதா?

ஒரே வழிதான் பாக்கி. டூல்ஸ் பெட்டியைத் திறந்து, ஒயர் சுருளுக்கு அடியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தேன். க்ரீம் பிஸ்கட். எனக்குச் சர்க்கரை ஏறியதிலிருந்து எங்கள் வீட்டில் தடைசெய்யப்பட்ட பொருள். வேலைவிட்டு வந்ததும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்றாம் பேருக்குத் தெரியாமல் எனக்கு ஒன்று, அவள் நாக்கில் துளி க்ரீம்.

மூடியை மெல்ல, மிக மெல்லத் திறந்தேன். டக்.

வாத்து எங்கோ பறந்தது. பாப்பா சட்டென்று திரும்பி, எல்லாப் பற்களையும், அதாவது இரண்டையும், காட்டிச் சிரித்தாள்.

“அடியே, ஓடி வா! கேக்குதுடி! நம்ம பாப்பாவுக்குக் காது கேக்குது!” எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மனைவி வந்தாள். பாப்பாவைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

“போன வாரமே டாக்டர்கிட்ட காட்டிட்டேங்க. காது கணீர்னு கேக்குதுன்னுட்டார்.”

“அப்புறம் எதுக்குடி இந்த டெஸ்ட்டு?”

“தினம் சாயந்தரம் பாப்பா வாய்ல க்ரீம் வாசனை. வீடு முழுக்கத் தேடிட்டேன், டப்பாதான் கிடைக்கல.”

வாங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். “பாப்பா!” என்று கெஞ்சினேன். பாப்பா திரும்பவில்லை; டப்பாவின் பின்னால் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாள்.