தலைவர் கடைக்கு வந்த வாரம்

"மாமா, இதெல்லாம் வெள்ளையாத்தானே உள்ள போச்சு?"

சலவை இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மைத்துனன் கேட்டான். உள்ளே ஹோட்டலின் படுக்கை விரிப்புகள் அத்தனையும் ரோஜா நிறத்தில் சுருண்டு கிடந்தன. அவற்றின் நடுவே, முந்தின நாள் பாராட்டு விழாவில் தலைவருக்குப் போர்த்திய சிவப்புச் சால்வை, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி படுத்திருந்தது.

"அதுல காபி கொட்டிடுச்சுடா. ஒரே ஒரு துணிதானேன்னு சேர்த்துப் போட்டேன்" என்றார் தலைவர். குரல் பாதிதான் வெளியே வந்தது.

அந்த நகரத்தில் இருந்த நம்மவர்கள் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். கடல் கடந்து வந்து ஒற்றை இயந்திரத்தோடு சலவைக் கடை போட்டவர். பிறகு சங்கத்துக்குத் தலைவரானார், ஆனவர் ஆனவர்தான். வேலை போனவனுக்கு விமான டிக்கெட், ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு ரத்தம், கல்யாணத்துக்கு மண்டபம் என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார். சங்கத்தின் மேசை விரிப்பு, நாடக உடுப்பு எல்லாமே அவர் கடையில்தான் இலவசமாக வெளுத்தன.

இந்த வாரம் ஹோட்டல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அது போனால் கடை போச்சு. கடை போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால்தான் சங்க வேலையை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, தானே கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என்று வந்திருந்தார்.

மனைவி இஸ்திரி மேசையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். நெற்றியில் அறைந்துகொள்ளப் போன கையை எப்படியோ கீழே இறக்கினாள்.

"ஏங்க, இன்னைக்குச் சங்கத்துல கூட்டம் கீட்டம் ஒண்ணும் இல்லையா?"

"கூட்டமாவது மண்ணாவது! எனக்குக் கடைதான் முக்கியம்."

"சரி. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அழுக்குத் துணி எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

தொடாதே என்றால் தலைவரால் எப்படி இருக்க முடியும்? ரோஜா நிறத்தைப் போக்க பிளீச்சைத் தாராளமாக ஊற்றினார். நிறம் போகத்தான் செய்தது. கூடவே துணியும் போயிற்று. ஒரு விரிப்பை மைத்துனன் உதறியபோது அதன் வழியாக அவன் முகம் முழுசாகத் தெரிந்தது.

"ஹோட்டல்ல வண்டி எங்கேன்னு கேக்கறாங்க மாமா."

அலமாரியில் வேறு விரிப்புகள் மடித்து அடுக்கியிருந்தன. பால் மாதிரி வெள்ளை. தலைவர் முகத்தில் உயிர் வந்தது.

"இதை ஏத்துடா!"

"மாமா, இது ஆஸ்பத்திரியோட..."

"வெள்ளைக்கு வெள்ளை. படுக்கறவனுக்கு என்ன தெரியப் போகுது? வண்டியை எடு!"

படுத்தவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் வந்திறங்கியது ஒரு தேனிலவு ஜோடி. போர்வையை விலக்கினால், தலைமாட்டில் கொட்டை எழுத்தில் 'பிரசவப் பிரிவு' என்று அச்சாகியிருந்தது. அவசரப்படுத்துகிறார்கள் என்று மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள, பெண் விசித்து விசித்து அழ, ஹோட்டல் மேலாளர் அம்மாள் போனில் தலைவரைத் துவைத்துக் காயப்போட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனைவி காலி அலமாரியைப் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, யாருக்காவது ரத்தம் கித்தம் தேவைப்படலையா?"

"நான் நேரா போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்."

"வேண்டாம்! நான் பேசிக்கறேன்."

"தலைவர்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

பெரிய மனிதர்களைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஹோட்டல் கூடத்தில், வந்தவர் போனவர் எல்லோரும் பார்க்க, சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு அந்த அம்மாளுக்குச் சால்வை போர்த்தினார். கைக்குக் கிடைத்த சால்வை அந்தச் சிவப்புச் சால்வைதான். அது இன்னும் சரியாகக் காயவில்லை. அம்மாள் போட்டிருந்ததோ வெள்ளைக் கோட்டு.

அவளுடைய தோளிலிருந்து சிவப்பு மெல்ல இறங்குவதைத் தலைவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒப்பந்தம் பற்றிச் சாயங்காலம் சொல்கிறேன் என்றாள் அவள். சொன்ன விதத்திலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது.

கடைக்குத் திரும்பியவர் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் போய், அழுக்கு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். சூடான காற்று முதுகில் அடித்தது. அழுகை வந்தது, அழுதார். அயல் மண்ணில் வந்து கட்டியெழுப்பியதெல்லாம் ஒரே நாளில் பொடிப்பொடியாகிவிட்டது. ஊருக்கு எந்த முகத்தோடு போவது? கடையைக் கவனிக்காமல் ஊர் வேலை பார்த்ததற்கு இது சரியான தண்டனை என்று தோன்றியது.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"முடிவு பண்ணிட்டேன்" என்றார் மூக்கை உறிஞ்சியபடி. "தலைவர் பதவியை விட்டுடறேன். இனிமே காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கடைதான்."

மனைவியின் முகம் வெளிறிப் போயிற்று.

"சங்கத்துத் துணியை ஓசியில வெளுக்கறதையும் நிறுத்திடறேன்."

"ஐயோ, அதை மட்டும் நிறுத்திடாதீங்க!" அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். கடையை நான் எப்படியாவது தேத்திடறேன். அதை நிறுத்திடாதீங்க."

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குடி முழுகும் நேரத்திலும் ஊருக்கு உழைக்க நினைக்கும் இப்படி ஒரு மனசா! இவளுக்காகவாவது கடையைக் காப்பாற்றியாக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் சங்கப் பொருளாளரிடம் விறுவிறுவென்று நடந்தார்.

பொருளாளர் போனில் யாருக்கோ, "சரிங்கம்மா, உடனே ஒரு கூட்டம் போட்டுடறோம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைவரைக் கண்டதும் சட்டென்று வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"பொருளாளரே, நான் பதவி விலகறேன். என் சேவை இனிமே கடைக்கு மட்டும்தான்."

பொருளாளரின் கழுத்திலிருந்த அளவுநாடா நழுவிக் கீழே விழுந்தது.

"குடியைக் கெடுத்துடாதீங்க தலைவரே! 'எம் புருஷனைக் கடைப்பக்கம் வராம பாத்துக்குங்க, சங்கத்துத் துணியெல்லாம் சும்மாவே வெளுத்துத் தரேன்'னு உங்க வீட்டம்மா சொன்னதாலதானே வருஷா வருஷம் உங்களையே தலைவராக்கறோம்!"