ரங்கத்தில் ஆயிரம் கப்பல்

பதினோரு மணிக்குத் தேர்வு. பத்து இருபதுக்குச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்கப் போன சங்கவிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே பன்னீர்செல்வம் நின்றுகொண்டிருந்தார்.

கடல் நடுவே இருக்கும் தீவு ஊரான ரங்கத்தில், பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை அது. முதலாளி வேலையாக மாயாபந்தர் ஊருக்குப் போயிருந்தார். கடையில் சங்கவி மட்டும்தான். அவளுக்குத் தெரிந்து இன்டர்நெட் அறுந்துபோகாமல் வரும் ஒரே இடம் என்பதால், தேர்வையும் அங்கேயே எழுத அனுமதி வாங்கியிருந்தாள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் நடத்தும் படிப்பு: பழைய கிரேக்கப் போர்க்காவியங்களும் போர்முறையும். மூன்று மாதமாகப் படித்தாள். கேடயத்தோடு கேடயம் ஒட்டி வீரர்கள் நடந்துவரும் வீடியோ வீட்டு இணைப்பில் பாதியில் நின்று சுற்றும்போதெல்லாம், அவர்களுடைய அடுத்த அடியை அவளே மனதில் எடுத்துவைப்பாள். இன்று தேறினால் அங்கேயே போய்ப் படிக்க இடம் கிடைக்கும். தவறினால் மறுவாய்ப்பு கிடையாது. கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பார். அறையில் வேறு ஆள் கூடாது, சுவரில் ஓர் எழுத்தும் கூடாது.

சுவரிலோ, கடல் கடந்து போருக்குப் போன கப்பல்களின் பட்டியல். தலைவன், துறைமுகம், எத்தனை கப்பல் என்று கட்டம் போட்டு, மனப்பாடம் செய்வதற்காக அவளே தமிழில் எழுதியது.

"ஷெட்யூல் வந்தாச்சா? சொல்லவே இல்லையே பாப்பா." பன்னீர்செல்வம் கான்ட்ராக்டர். சென்னைக் கப்பலில் இடம் கேட்டுப் பதினெட்டு நாளாக அலைகிறார். "எனக்குக் கேபின் எல்லாம் வேணாம். படுக்க ஒரு பங்க் கிடைச்சாப் போதும்."

"அங்கிள், அது இப்போ ஓடுற கப்பல் இல்ல. மூவாயிரம் வருஷத்துப் பழசு."

"நமக்கு எப்போ புதுசு விட்டாங்க?" என்று அவர் செல்போனை எடுத்தார்.

"எல்லாம் போர்க்கப்பல் அங்கிள்."

அவர் கை ஒரு கணம் நின்றது. "நேவி விடுறானா, கூட்டத்தைக் கிளியர் பண்ண? பக்கா?"

படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

பத்து முப்பத்தைந்துக்குக் கடையில் பதினான்கு பேர். காய்கறிக் கடை புஷ்பம் பட்டியலில் விரலை ஓட்டினாள்.

"ஆடு மேயற தீவுன்னு போட்டிருக்கே, அது எங்க?"

"லாங் ஐலண்டா இருக்கும்," என்றார் பன்னீர்செல்வம்.

"அப்போ சென்னை?"

"கடைசி லைன்ல பாரு."

சங்கவி இடையில் கையை விட்டுத் தாளைப் பிய்த்தெடுத்தாள்.

"ஏம்மா, எங்களுக்குக் காட்டாம யாருக்கு எடுத்து வைக்கிற?" என்றாள் புஷ்பம். "என் பொண்ணுக்கு மதுரைல இந்த மாசம் பிரசவம்."

"பிளாக்ல போகுது, ஔர் க்யா, வேறென்ன," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதைக் கேட்டு வாசலில் நின்றவர்களும் உள்ளே வந்தார்கள்.

பத்து ஐம்பது. சங்கவிக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு நோட்டை எடுத்தாள். "பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். பேர் சொன்னவங்க வெளிய போயிடுங்க."

பெயர் சொன்னவர்கள் ஒழுங்காகத்தான் வெளியே போனார்கள். ஆனால் பெயர் எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் அப்போதுதான் வந்து நின்ற திக்லிபூர் பஸ் காலியானது. தோளோடு தோள் ஒட்டி, நடுவில் ஒருவரும் நுழைய முடியாத ஒரு வரிசை உருவானது. கேடய வரிசையை ஏன் யாராலும் உடைக்க முடியவில்லை என்பது மூன்று மாத வீடியோவில் புரியாமல், சங்கவிக்கு இப்போது புரிந்தது.

பதினோரு மணி. திரையில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண். ஆங்கிலத்தில் பேசினாள்.

"அறையைச் சுற்றிக் காட்டுங்கள்."

சங்கவி கேமராவைத் திருப்பினாள். சுவர் வெறுமையாக இருந்தது. அறைதான் நிறைந்திருந்தது.

"யார் இவர்கள்?"

"வாடிக்கையாளர்கள்."

"உங்கள் கையில் என்ன தாள்?"

கிரேக்கக் கப்பல்கள் என்றால், காப்பி அடிக்க வைத்திருந்ததாக ஆகிவிடும். தேர்வு அங்கேயே முடிந்துவிடும். நாற்பது நிமிடமாக எதை மறுத்துக்கொண்டிருந்தாளோ, அதையே இப்போது சங்கவி சொன்னாள்.

"கப்பல் ஷெட்யூல் மேடம். சென்னைக்குப் போகிற கப்பல்கள். இன்றுதான் வந்தது."

"அதைத்தானே நான் காலைலேர்ந்து சொல்றேன்," என்றார் பன்னீர்செல்வம்.

"அந்த நோட்டு?"

"டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள்."

"தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள்."

பிடித்தாள். மின்விசிறிக் காற்றில் கப்பல்கள் எல்லாம் ஆடின.

"இன்னும் பக்கத்தில்."

திரையில் இருந்த பெண் முன்னால் குனிந்து பார்த்தாள். ஏதோ தட்டச்சு செய்தாள். பிறகு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். சங்கவி கெஞ்சினாள். "மேடம், தயவுசெய்து ரத்து செய்துவிடாதீர்கள்."

அந்தப் பெண் மைக்கை வாயருகே இழுத்து, குரலைத் தாழ்த்தி, தமிழில் சொன்னாள்:

"ரூம்ல யாரும் இல்லன்னு போட்டுட்டேன், நீ பரீட்சையை எழுதும்மா. அதுக்கு முன்னாடி அந்த நோட்டுல என் பேரையும் விஜயலட்சுமி, திக்லிபூர், ரெண்டு பங்க்னு எழுதிடு."